கனகராஜ் சார் பேசாமல் நின்ற மாதங்கள்

சென்ற மாதம் விருதுநகரில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, ஆசிரியர்களின் மன அழுத்தம். எனக்கு முன்னால் பேசியவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நல்ல பயிற்சிதான், நானும் கூடச் சேர்ந்து செய்தேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "சார், எம்புட்டு நேரம் மூச்சப் பிடிச்சாலும் செயலியில ஏத்த வேண்டிய பட்டியல் கொறையலையே சார்" என்றார். அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே என் பக்கம் திரும்பி, "நீங்க எச்.எம்.மா இருந்தப்ப ஒரு ஆசிரியர் ஒடஞ்சு போனா என்ன செஞ்சீக மேடம்?" என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்திருந்தது இருபது நிமிடம். அதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சாத்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு மிளகாய், உளுந்து விவசாயம். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்திருந்து, சமூக அறிவியல் ஆசிரியையாக வேலைக்கு வந்தேன். மொத்தம் முப்பத்திரண்டு வருடம். கடைசி ஒன்பது வருடம் பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பாடம் நடத்துவதில் எனக்குக் குறை இருந்ததில்லை. பள்ளி நடத்துவதிலும் அதிகம் தவறியதில்லை. ஒரே ஒரு பெரிய தவறு செய்தேன். அதிலிருந்து கற்றதைப் போல எந்தப் பயிற்சியிலும் நான் கற்கவில்லை.

அந்தத் தவறின் வேர் என் முதல் பள்ளியில் இருந்தது. அங்கே ஒரு தலைமையாசிரியர். ஒழுங்கானவர், நேர்மையானவர். கணவரைப் பறிகொடுத்த ஓர் ஆசிரியை பதினாறாம் நாள் முடிந்து வந்தபோது, அவரை அறைக்குக் கூப்பிட்டு ஒரு சாக்பீஸை எடுத்துக் கையில் கொடுத்தார். "கிளாசுக்குப் போங்க. பிள்ளைகளப் பாத்தா எல்லாம் சரியாயிரும்" என்றார். அந்த அம்மாவும் போனார். நான் புதிதாக வந்தவள், அதை அப்படியே மனதில் பதித்துக்கொண்டேன். துக்கத்துக்கு மருந்து வேலை என்று. அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே சரியாயிற்றா என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

இப்போது கனகராஜ் சாரிடம் வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுதி அவரிடம் காட்டினேன், படித்துவிட்டுச் சரி என்றார்.

எங்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர் அவர். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் அவர்தான். குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், ஆனால் வகுப்பைக் கட்டிப்போட்டுவிடும். குழாய் விளக்கின் உடைந்த பாகம், பம்புசெட் மோட்டாரின் சுருள் என்று ஏதாவது ஒன்றோடுதான் வகுப்புக்குப் போவார். பாடத்தில் பின்தங்கும் பிள்ளையின் வீட்டுக்கு அவரே போன் போடுவார். அப்படித்தான் அந்த வருடம், தீபாவளிக்கு முந்தைய சீசனில், முத்துமாரி என்ற மாணவியின் அம்மாவுக்கு ஒரு புதன்கிழமை போன் போட்டிருக்கிறார். காலாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் சரிந்திருந்தது. பத்தோடு நின்றுவிடுவேன் என்றும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வியாழன். மதியச் சாப்பாடு முடிந்து முதல் பாடவேளை. வெடிச் சத்தம் கேட்டது.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு அலறமாட்டார்கள். அமைதியாகிவிடுவார்கள். ஒரு சத்தத்தோடு நிற்கிறதா, தொடர்கிறதா என்று காதைக் கூர்மையாக்குவார்கள். பிறகு எந்தத் திசை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இந்த மாதிரி நேரத்துக்கென்று எங்களிடம் சில ஏற்பாடுகள் இருந்தன. வாசல் கதவைச் சாத்த வேண்டும். எந்த ஆசிரியரும் வகுப்பை விட்டு வெளியே வரக்கூடாது. பிள்ளைகள் முன்னால் யாரும் போன் பேசக்கூடாது. கணக்கு ஆசிரியை மெர்சி மட்டும் என் அறைக்கு வந்து, கம்பெனி வேன் ஓட்டுகிறவர்களுக்குப் போன் போட்டு எந்தக் கம்பெனி என்று கேட்பார். தெரிந்த பிறகு, அங்கே வேலை பார்க்கிற தாய் தகப்பன் யார் யார் என்று நாங்கள் ஒரு பட்டியல் எடுப்போம். ஒலிபெருக்கியில் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லமாட்டோம். வகுப்பாசிரியரே போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வருவார்.

அன்று பத்தாம் வகுப்பிலிருந்து மூன்று பேர். இரண்டு பேரின் அம்மாக்கள் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். முத்துமாரியின் அம்மா செல்லத்தாய் வரவில்லை. தாய்மாமன் பைக்கோடு வாசலில் நின்றார். கனகராஜ் சார் அந்தப் பிள்ளையின் பையைத் தான் சுமந்துகொண்டு வாசல்வரை அவளோடு நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை பாதி வகுப்புகள் காலி. பத்து மணிக்குள் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். வந்தார், வரவில்லை என்ற இரண்டே வழிதான் அதில். கனகராஜ் சார் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இன்னைக்கு முதல் பீரியடு மட்டும் வேற யாரையாச்சும் அனுப்புவீகளா?"

நான் கையிலிருந்த போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "போங்க சார். பிள்ளைகளப் பாத்தா சரியாயிரும்" என்றேன்.

அவர் போனார். அதுதான் நான் சொன்ன தவறு.

பிறகு நடந்தது எனக்குத் தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவர் ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடக்குறிப்பு நோட்டு என் மேஜைக்கு வந்தது. கற்றல் விளைவு, செயல்பாடு, மதிப்பீடு என்று எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது. நானும் பச்சை மையில் ஒப்பமிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மெர்சி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"சொல்லுங்க."

"கனகராஜ் சார் பாடமே நடத்தல. தேதிய எழுதுறாரு, தலைப்ப எழுதுறாரு. அப்புறம் போர்டப் பாத்துக்கிட்டே நிக்காரு. பிள்ளைகளாவே புத்தகத்த எடுத்து ஒருத்தி வாசிக்கா, மத்ததுக கேக்குதுக. வெளிய யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதுகளுக்குள்ள பேசி வச்சிருக்குதுக."

நான் போய் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். மெர்சி சொன்னது சரி. கரும்பலகையில் 'வேதிவினைகளின் வகைகள்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே சாக்பீஸை வைத்தபடி கை அப்படியே நின்றிருந்தது. முத்துமாரி மூன்றாவது வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மாணவி மெதுவான குரலில் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியரைக் காப்பாற்றுகிற வகுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர், தலவலி" என்றார். அரையாண்டுத் தேர்வு முடிவு வந்தது. அறிவியலில் பாதிக்கு மேல் தோல்வி. மீளாய்வுக் கூட்டத்துக்குத் தலைமையாசிரியரும் பாட ஆசிரியரும் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது.

அந்தக் கூட்டங்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் எப்போது நம் பள்ளியின் பெயர் வரும் என்று சொல்ல முடியாது. பெயர் வரும் நேரத்தில் இல்லாமல் போய்விடக்கூடாதே என்று ஆசிரியைகள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அன்று கூட்டத்தை நடத்திய கல்வித்துறை அதிகாரி குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. தாளின் மேல் பென்சிலைக் கிடத்தி வைத்து வரி வரியாகக் கீழே இறக்குவார். பள்ளியின் பெயரை வாசிப்பார். இருவரும் எழுந்து நிற்க வேண்டும். "காரணம்?" என்பார். அந்த ஒரு சொல்தான். பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், எழுதிக்கொள்வார். முடிந்ததும் "உறுதிமொழி?" என்பார். அடுத்த தேர்வில் எத்தனை பேரைத் தேர்ச்சி பெற வைப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஐம்பதை நெருங்கிய ஆண்கள் அந்த இரண்டாவது சொல்லுக்குக் கைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் 'மெல்லக் கற்போர்', 'தொடர் வருகையின்மை', 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதுவார்கள். செல்லத்தாய் இறந்த வருடத்தில் பெற்றோரின் அக்கறையின்மை என்று எழுத என் கை போகவில்லை. 'வகுப்பாசிரியர் கடும் துக்கத்தில் உள்ளார்' என்று எழுதியிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. எழுந்து நின்றோம். பென்சில் எங்கள் வரியில் நின்றது. முதல் முறையாக அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"இது என்ன காரணம்?"

"அதுதான் சார் காரணம்" என்றேன்.

"இப்படி ஒரு காரணம் நம்ம படிவத்துல கெடையாதே அம்மா. மாத்தி எழுதிக் குடுங்க."

"வேற எழுதுனா பொய்யாயிரும் சார்."

அரங்கில் யாரோ இருமினார்கள். கனகராஜ் சார் எனக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்து நின்றார். அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "உக்காருங்க. முடிஞ்சதும் நீங்க மட்டும் என் ரூமுக்கு வாங்க" என்றார்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வைத்தபின் ஆள் வேறு மாதிரி தெரிந்தார்.

"நீங்க நல்லது செய்யறதா நெனச்சு அந்த ஆளுக்குக் கெடுதல் செஞ்சிருக்கீங்க" என்றார். "எழுத்துல வந்துட்டா நான் சும்மா இருக்க முடியாது. பாடம் நடத்தத் தகுதியா இருக்காரான்னு மருத்துவக் குழுவுக்கு எழுதணும். அந்தக் காகிதம் அவரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவரு கூடவே வரும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப என்ன செய்யட்டும் சார்?"

"லீவு போடச் சொல்லுங்க."

"வீட்ல தனியா உக்காந்தா இன்னும் மோசமாயிரும் சார். வீட்டம்மா வேற ஊர்ல வேல பாக்காக. ஸ்கூலுக்கு வாரதாலதான் இன்னும் ஆளாவது இருக்காரு."

அவர் அந்தப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "கால அட்டவணை போடுற அதிகாரம் யாருக்கு?"

"எனக்கு சார்."

"பெறகு என்ன? காரணத்துல 'பாட ஆசிரியர் மாற்றம் செய்யப்படுகிறது'ன்னு எழுதுங்க. அது பொய்யில்லையே."

பொய்யில்லை. எழுதிக் கொடுத்தேன். உறுதிமொழியை அவர் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், பேருந்து நிலையத்தில் சாத்தூர் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் கனகராஜ் சார் பேசினார். யாரும் கேட்காமலே பேசினார்.

"டீச்சர், அந்தப் புதன்கெழம செல்லத்தாயிக்குப் போன் போட்டேன்ல. நாளைக்கு வாங்கம்மான்னேன். 'சீசன் சார், நாளைக்கு நின்னா வேன்ல எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாக. சனிக்கெழம வாரேன் சார்'னு சொன்னா. சரி, சனிக்கெழமயே வாங்கன்னுட்டேன். நான் கொஞ்சம் கண்டிப்பா இருந்திருந்தா அவ வியாழக்கெழம நம்ம ஸ்கூல்ல உக்காந்திருப்பா."

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போயிற்று. பிள்ளைகளைப் பார்த்தால் சரியாகும் என்று, அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு நான்தான் அவரைத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் தலைய நிமுத்தியே பாக்கல சார். அது என் தப்பு" என்றேன். முப்பது வருட சர்வீஸில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு அது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே கால அட்டவணையை மாற்றினேன். பத்தாம் வகுப்பு அறிவியலை மெர்சி எடுத்துக்கொண்டார். கல்லூரியில் துணைப்பாடமாக இயற்பியல் படித்தவர், வேதியியலை ராத்திரி படித்து வந்து காலையில் நடத்தினார். அவருடைய ஏழாம் வகுப்புக் கணக்கை நான் எடுத்தேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு முந்தி நான் கற்றுக்கொண்டேன். கனகராஜ் சாருக்கு ஆறாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகள், யாருடைய அம்மாவும் அந்தக் கம்பெனியில் இல்லை. முதல் வாரம் எழுதப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் ஒரு காந்தத்தைக் கொண்டு வந்தார்.

பிப்ரவரியில் முத்துமாரியின் அப்பா கருப்பசாமி, பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில் மகள் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வந்தார். லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினேன். துக்கத்தில் இருக்கிற மனிதரிடம் இன்னொருவர் பாரத்தைக் கொடுப்பது சரியா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. ஆனாலும் சொன்னேன்.

"தம்பி, கனகராஜ் சார ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

"அவரத்தான் பாக்கணும்னு வந்தேன் டீச்சர்."

ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போனேன். அவரைப் பார்த்ததும் கனகராஜ் சார் எழுந்தார். கருப்பசாமிதான் ஆரம்பித்தார்.

"சார், அவ சனிக்கெழம வாரேன்னு ஒங்ககிட்டச் சொல்லியிருந்தாளாம். போன வச்சதும் என்கிட்டச் சொன்னா. அந்தக் காரியம் அப்படியே நிக்கி. அதான் நான் வந்தேன்."

கனகராஜ் சார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "வியாழக்கெழம நான் கட்டாயப்படுத்தி வரச் சொல்லியிருக்கணும்" என்றார்.

கருப்பசாமி குறுக்கிட்டார்.

"அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல் சார். போகலன்னுதான் சொன்னா. இன்னும் ரெண்டு வாரந்தான, போயிட்டு வந்துருன்னு வேன் ஏத்தி விட்டது நான். நீங்க இப்படிச் சொன்னா, நான் எங்க போயி நிக்க?"

கனகராஜ் சார் மேஜையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணே" என்றார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் அவர் பேசினார், வகுப்பாசிரியராக. "முத்துமாரிக்குப் புரியாம இல்ல. பாதிக் கேள்விய எழுதாம விட்டுட்டு வந்துருதா. படம் நல்லாப் போடுவா. பிளஸ் ஒன் சேத்துவிடுங்க அண்ணே, நிப்பாட்டிராதீக." கருப்பசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "அவ ஆத்தாளும் அதத்தான் கேக்க இருந்தா சார்" என்றார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆகவில்லை. அந்த வாரமே அவர் தூக்கமில்லாமல் தவிப்பதாக என்னிடம் சொன்னார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நான் கூடப் போனேன். சீட்டு வாங்கும் வரிசையில் தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று. ஒருவர் எங்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே போய், "என்ன சார், நல்லா இருக்கீகளா?" என்று பேசினேன். ஒளிய வேண்டிய இடம் இல்லை அது என்று கனகராஜ் சாருக்கும் தெரியட்டும் என்றுதான். பல மாதம் மருந்து சாப்பிட்டார்.

பொதுத்தேர்வில் முத்துமாரி தேறினாள், சுமாரான மதிப்பெண்தான். பிளஸ் ஒன் சேர்ந்தாள். எங்கள் பள்ளியின் அறிவியல் தேர்ச்சி அந்த வருடம் மாவட்டத்தில் கீழ்வரிசையில்தான் இருந்தது. விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு நான் ஒரே பக்கத்தில் பதில் எழுதினேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போவதற்கு முந்தைய நாள் எனக்குப் போன் போட்டார். தேர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்த ஆசிரியர் எப்படியிருக்காரு?" என்று மட்டும் கேட்டார். "ஜூன்ல பத்தாம் வகுப்புக்குத் திரும்புறாரு சார்" என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார்.

ஜூனில் திரும்பினார். வேதிவினைகள் பாடத்தை அவரே நடத்தினார். அதற்கு முந்தைய நாள் என்னிடம் வந்து, "நாளைக்கு அந்தப் பாடம் டீச்சர். நடுவுல முடியலன்னா மெர்சி டீச்சரக் கூப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிடவில்லை. ஆனால், கூப்பிடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பணியிடைப் பயிற்சியில் கேட்ட அந்த ஆசிரியைக்கு என் பதிலில் பாதி அதுதான். மீதிப் பாதியை என் கடைசி வருடத்தில் செய்தேன்.

அந்த வருடம் இன்னொரு கம்பெனியில் விபத்து. எங்கள் பிள்ளைகளின் இரண்டு வீடுகளில் சாவு. மறுநாள் காலை முதல் பாடவேளைக்கு மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்த பிள்ளைகளை உடற்கல்வி ஆசிரியர் வேப்பமர நிழலில் உட்கார வைத்துக்கொண்டார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஆசிரியர் அறைக்கு வந்தோம். போன்களை என் அறை மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தோம். டீ வந்தது. யார் மனதில் எந்தப் பிள்ளை இருக்கிறது, இன்று யாரால் வகுப்புக்குப் போக முடியும், யாரால் முடியாது, ஒவ்வொருவரும் சொன்னோம். தமிழாசிரியர் அழுதார். அவருடைய வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கனகராஜ் சார் கடைசியாகப் பேசினார். "அந்த ரெண்டு வீட்டுக்கும் நான் போயிட்டு வாரேன் டீச்சர்" என்றார்.

வருகைப் பதிவு அன்று பத்து மணிக்கு ஏறவில்லை. ஏன் என்று கேட்டு மூன்று குறுஞ்செய்திகள் வந்திருந்தன. பதினோரு மணிக்கு ஏற்றினேன்.

மாலையில் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் போன் போட்டார். அவர் பள்ளியிலும் ஒரு சாவு.

"டீச்சர், நீங்க முதல் பீரியட நிப்பாட்டிட்டீகளாமே. எந்த ஆணைப்படி நிப்பாட்டுனீக? எனக்கும் அத அனுப்புங்க, பைல்ல வச்சுக்கிடுதேன்."

"ஆணையெல்லாம் ஒண்ணுமில்ல சார். மணி அடிக்கச் சொல்றது நாமதான?"

"அப்ப நாளைக்கு நாங்களும் அடிக்கல" என்றார்.